டெவலப்பரின் மூப்பு
கருப்பு வெள்ளை ஃபிலிம் டெவலப்பர் நாள்பட்டால் வலுவிழக்கும் என்பார்கள். கோடாக்கின் டி-76 முதலில் வலுவேறும். லிட்டருக்கு மெட்டால் 2 கிராம், ஹைட்ரோகுவினோன் 5, சோடியம் சல்பைட் 100, போராக்ஸ் 2 என்பது அதன் சேர்மானம். பாதி காலியான பாட்டிலில் ஹைட்ரோகுவினோன் ஆக்சிஜனேற்றம் அடையும்போது காரம் பிறக்கிறது; இத்தனை சொற்பப் போராக்ஸ் அதை அடக்காது. நெகட்டிவ் தேவைக்கு மேல் கறுக்கிறது. திருத்தணி, கனகம்மாசத்திரம் வெயிலில் இது இன்னும் விரைவு. உதகையில் இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் தயாரித்த ‘இந்து’ ஃபிலிமானாலும் விதிவிலக்கில்லை. பாட்டிலை விளிம்புவரை நிரப்பினால் போதாதா? பெரும்பாலும் போதும், திறக்காதவரை. போரிக் அமிலம் கூட்டிய டி-76டி காரத்தை நிலைநிறுத்துவதால் அதுவே உறுதியான தீர்வு. நிறம் பார்த்துக் கணிக்கலாம் என்பதும் முழுக்கச் சரியல்ல: அஸ்கார்பேட் வகையான எக்ஸ்டால் தெளிவாகத் தோன்றும்போதே செயலிழந்துவிடும். ஃபிலிமின் முனைத்துண்டை முதலில் கழுவிப் பார்ப்பதே நம்பகமான சோதனை.