மலை நகரத்தில் ஏழையின் வீட்டுக்குப் பணம் எங்கிருந்து வரும்?

கொடைக்கானல் என்றதும் ஏரியும் குறிஞ்சிப் பூவும் பனிமூட்டமும்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். அந்த ஊரில் ஓட்டல் அறையைப் பெருக்குபவரும், ஏரிக்கரையில் குதிரை ஓட்டுபவரும், தெருக்குப்பை அள்ளுபவரும் எங்கே குடியிருக்கிறார்கள் என்று கேட்பவர்கள் குறைவு. அவர்களுக்கு வீடு கட்டித்தரும் பொறுப்பு யாருடையது? அதற்குப் பணம் யார் தருவது? இந்தக் கேள்விக்கு நூறு வருடத்துக்கும் மேற்பட்ட வரலாறு இருக்கிறது.

பங்களாக்களின் ஊர்

1845-ல் மதுரையிலிருந்த அமெரிக்க மிஷனரிகள் வெயிலுக்கும் காய்ச்சலுக்கும் பயந்து பழனி மலையில் பங்களா கட்டினார்கள். 1863-ல் லெவிஞ்ச் என்ற ஆங்கிலேய அதிகாரி ஓடையை மறித்து ஏரியை உருவாக்கினார். மோட்டார் சாலை வருவதற்கு முன் வெள்ளைக்காரர்கள் அடிவாரம் வரை மாட்டுவண்டியில் வந்து, அங்கிருந்து டோலியில் மலை ஏறுவார்கள். டோலி தூக்கியவர்களும், பங்களாவுக்குக் கல் சுமந்தவர்களும், அதில் சமையல் செய்தவர்களும் உள்ளூர்க் கூலிக்காரர்கள். ஆக, இந்த ஊர் கோடையில் வந்து போகிறவர்களுக்காகக் கட்டப்பட்டது. வருடம் முழுக்க இருப்பவர்கள் தங்கள் குடிசையைத் தாங்களே பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது.

1899-ல் கொடைக்கானல் நகராட்சி ஆனது. அன்றைய சென்னை மாகாண நகராட்சிகளின் முக்கிய வருமானம் சொத்துவரி. ஒரு கட்டடத்தை வாடகைக்கு விட்டால் வருடத்துக்கு எவ்வளவு வரும் என்று மதிப்பிட்டு, அதில் ஒரு பங்கை வரியாக வாங்குவார்கள். அந்தப் பணம் சாலை, குடிநீர், விளக்கு, துப்புரவு ஆகியவற்றுக்கே சரியாகிவிடும். ஏழைக்கு வீடு என்பது நகராட்சியின் கணக்கில் பெரிய இடம் பிடிக்கவில்லை.

வெளிநாட்டில் நடந்தது

அதே காலத்தில் வேறு வழிகளும் இருந்தன. பிரிட்டனில் 1919-ல் வந்த அடிசன் சட்டப்படி, உள்ளாட்சி மன்றங்கள் வீடு கட்டி வாடகைக்கு விட்டன. வரியில் ஒரு சிறு அளவுக்கு மேல் நஷ்டம் வந்தால் மத்திய அரசு ஏற்றுக்கொண்டது. வியன்னா நகரம் 1923-ல் வீட்டுவரி ஒன்றைக் கொண்டுவந்தது. சின்ன வீட்டுக்குக் கொஞ்சம், ஆடம்பர மாளிகைக்குப் பல மடங்கு! அந்தப் பணத்தையும் சேர்த்து 1934-க்குள் சுமார் 60,000 வீடுகளை நகரமே கட்டியது.

தமிழ்நாட்டின் பாதை

இங்கே பொறுப்பு நகராட்சியைத் தாண்டிக் கோட்டைக்குப் போனது. 1961-ல் வீட்டுவசதி வாரியம், 1970-ல் குடிசை மாற்று வாரியம் என இரண்டு வாரியங்கள் தோன்றின. மாநில பட்ஜெட்டும், 1970-ல் மத்திய அரசு தொடங்கிய ஹட்கோ நிறுவனத்தின் கடனும் பண வழிகளாயின. வாரியத்தின் மாடிக் குடியிருப்புகள் பெரும்பாலும் சென்னையில் எழும்பின.

1977-ல் உலக வங்கிக் கடனோடு சென்னையில் இன்னொரு முறை சோதிக்கப்பட்டது. அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூரில் வீடாகத் தராமல், சாலை, குடிநீர் வசதியோடு மனையாகத் தந்தார்கள். கடை மனைகளையும் பெரிய மனைகளையும் நல்ல விலைக்கு விற்று, அந்த லாபத்தில் ஏழைகளின் சிறு மனைக்கு விலை குறைத்தார்கள். ஏழைகள் தவணையில் பணம் கட்டி, கையில் காசு சேரச்சேர வீட்டை எழுப்பிக்கொண்டார்கள். பணக்காரரின் மனை ஏழையின் மனைக்கு உதவிய முறை இது. ஆனால் இதற்குச் சமவெளியில் பெரிய நிலப்பரப்பு வேண்டும்.

சட்டத்தில் ஒரு விசித்திரம்

1992-ல் நிறைவேறிய 73, 74-வது அரசியல் சட்டத் திருத்தங்கள் உள்ளாட்சிக்குப் புது உயிர் கொடுத்தன என்பார்கள். பஞ்சாயத்துகளுக்கான 29 பொருள் பட்டியலில் ஊரக வீட்டுவசதி இருக்கிறது. நகராட்சிகளுக்கான 18 பொருள் பட்டியலில் குடிசைப்பகுதி மேம்பாடு இருக்கிறது, வறுமை ஒழிப்பு இருக்கிறது. ஆனால் வீட்டுவசதி என்ற சொல் இல்லை! பூம்பாறைக்கும் மன்னவனூருக்கும் பொருந்தும் பட்டியலில் உள்ள சொல், பக்கத்தில் உள்ள கொடைக்கானல் நகருக்கான பட்டியலில் இல்லை.

2015-ல் தொடங்கிய பிரதமர் வீட்டுவசதித் திட்டத்தில், நகரத்தில் சொந்தமாக வீடு கட்டிக்கொள்பவருக்கு மத்திய அரசு 1.5 லட்சம் ரூபாய், மாநில அரசு 60,000 ரூபாய் என மொத்தம் 2.1 லட்சம் கிடைத்தது. மீதியைப் பயனாளியே போட வேண்டும். ஆனால் முதலில் கையில் பட்டா வேண்டும். காட்டு நிலமும் புறம்போக்கும் சூழ்ந்த மலையூரில் பட்டா என்பதே பாதிக் கனவு. சிமெண்டும் மணலும் கம்பியும் மலையேறி வருவதற்குள் செலவு கூடிவிடும். சென்னை மாதிரி மாடி மேல் மாடி கட்டவும் வழியில்லை. மலைப்பகுதிக் கட்டட விதிகள் உயரத்தைக் கட்டுப்படுத்துகின்றன. மழையும் மண்சரிவும் உள்ள இடத்தில் அது நியாயமும்கூட. 2021-ல் குடிசை மாற்று வாரியம் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறியது. பெயர் மாறினாலும் மலையின் சிக்கல் மாறவில்லை.

முடிவாக

இந்த வரலாறு ஒன்றைச் சொல்கிறது. வீடு தேவைப்படுவது உள்ளூரில், பணம் வருவது சென்னையிலிருந்தும் டெல்லியிலிருந்தும். அதனால் திட்டமும் அங்கே உட்கார்ந்து சமவெளியை மனதில் வைத்து எழுதப்படுகிறது. ஆனால் கொடைக்கானலில் பணமே இல்லை என்று சொல்ல முடியுமா? வருடத்தில் பல மாதம் பூட்டிக் கிடக்கும் கோடை வீடுகள் இருக்கின்றன. சீசனில் நிரம்பி வழியும் விடுதிகள் இருக்கின்றன. மாளிகைக்குக் கூடுதல் வரி போட்டு ஏழைக்கு வீடு கட்ட ஒரு நகரத்தால் முடிந்தது. பங்களாவின் வரியில் வளர்ந்த மலை நகரமும் அதில் ஒரு சிறு பங்கைத் தன் தொழிலாளிகளின் கூரைக்கென ஒதுக்கினால், டோலி தூக்கியவர்களின் பேரப்பிள்ளைகளுக்கும் அந்த ஊரில் ஒரு முகவரி கிடைக்கும்.