தூண்டில்காரனும் மீன்பாசிக் குத்தகையும்

பாண்டியன் கொடியில் மீன். மீனாட்சியின் பெயரில் மீன். ஆனால் மதுரையிலிருந்து கடலைப் பார்க்க வேண்டுமென்றால் கிழக்கே சுமார் 100 கி.மீ. போக வேண்டும். அப்படியிருக்க இந்த ஊர்க்காரர்கள் எந்த மீனைப் பார்த்துக் கொடியில் வரைந்தார்கள்? கொற்கைத் துறைமுகம் பாண்டியர் கையில் இருந்தது, அதனால் கடல் மீன் என்று ஒருவர் வாதாடலாம். எனக்கென்னவோ அது கண்மாய் மீன் என்றுதான் படுகிறது. கயல் என்றால் கெண்டை. கெண்டை ஆற்றிலும் குளத்திலும் கிடக்கிற மீன். (வரலாற்றுத் துறை நண்பர்கள் சண்டைக்கு வரலாம், நான் தயார்!)

அமெரிக்காவின் கிழக்குக் கரையில் 'ஸ்ட்ரைப்டு பாஸ்' என்று ஒரு மீன் உண்டு. உடம்பு முழுக்கக் கோடு போட்டிருக்கும். நல்ல குளிர்காலத்தில், பல் கிடுகிடுக்க, இறகையும் நூலையும் முள்ளில் கட்டிச் செய்த பொய்ப்பூச்சியைக் கடலில் வீசி அதைப் பிடிக்க ஒரு கூட்டமே அலைகிறது. அவர்களைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தபோதுதான், நம் ஊரில் தூண்டிலுக்கு ஒரு வரலாறு இருக்குமே, அதை யார் எழுதியிருக்கிறார்கள் என்று தேட ஆரம்பித்தேன். மீன்பிடித் திருவிழா பற்றி நிறைய கிடைக்கிறது. தூண்டில்காரனைப் பற்றி ஒன்றும் பெரிதாக இல்லை. அதனால் இந்தக் கட்டுரை.

பழையதிலிருந்து தொடங்குவோம். அகநானூற்றின் 36ஆம் பாட்டு நக்கீரர் பாடியது. தலைவியோ தோழியோ தலைவனைக் கடிந்துகொள்கிற மருதத்திணைப் பாட்டு. வையைக் கரை மருதமரச் சோலை அதில் வருகிறது. ஆனால் பாட்டு ஆரம்பிப்பது ஒரு வரால் மீனில்! இரும்பு முள்ளில் கோத்த இரையை ஓர் ஆண் வரால் விழுங்கிவிடுகிறது. விழுங்கிய பிறகு அது படுத்துகிற பாடு இருக்கிறதே, ஆம்பல் இலை கிழிகிறது, குவளைப் பூ சிதைகிறது, வள்ளைக்கொடி சிக்குண்டு போகிறது. தூண்டில்காரன் இழுக்கிறான், மீன் வருவதாக இல்லை. கயிறு கட்டிய முரட்டுக் காளை மாதிரி விடியற்காலைக் குளத்தைக் கலக்குகிறது. விரால் பிடித்துப் பழக்கம் உள்ள யாரிடமாவது இந்தக் காட்சியைச் சொல்லிப் பாருங்கள். எழுதியவர் நேரில் பார்த்திருக்கிறார் என்று சத்தியம் செய்வார். விரால் மாட்டியதும் நேராகக் கொடிக்குள்தான் பாயும். பாதி மீன் அங்கேதான் அறுத்துக்கொண்டு போகும். இன்னொன்று, அந்தப் பாட்டு தூண்டில்காரனை வேட்டுவன் என்று சொல்கிறது. தூண்டில் போடுவதை வேட்டையாகத்தான் பார்த்திருக்கிறார்கள்.

வேட்டைக்கு ஒரு பருவம் உண்டு அல்லவா? மதுரைப் பக்கம் அதை மழைதான் தீர்மானிக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பெய்து கண்மாய் நிறையும். புதுத்தண்ணீர் வரத்துக்காலில் இறங்கும்போது மீன் அதை எதிர்த்து ஏறும். மார்கழியிலும் தையிலும் கண்மாய் கரை தட்டி நிற்கும். ஆழமான தண்ணீரில் கொடியும் முள்ளும் கிடக்க, வலை இழுப்பது லேசில்லை. குளிர்காலத்தில் தனி ஆளுக்குத் தூண்டில்தான் தோது. மூங்கில் கம்பு, நரம்பு, முள், தக்கைக்கு மயிலிறகுத் தண்டோ தெர்மோகோல் துண்டோ. கெண்டைக்கும் கெளுத்திக்கும் மண்புழு, விராலுக்கு உயிரோடு தவளைக்குஞ்சு. இப்போது ரப்பர் தவளை வந்துவிட்டது. இறகில் செய்த பொய்ப்பூச்சிக்கும் இந்த ரப்பர் தவளைக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டுமே மீனை ஏமாற்றுகிற கலைதான்.

மாசிக்கு மேல் தண்ணீர் வற்றும். அப்போதுதான் மேலூர், கொட்டாம்பட்டி, சிங்கம்புணரிப் பக்கமெல்லாம் மீன்பிடித் திருவிழா. ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசியதும் ஆயிரக்கணக்கான பேர் ஊத்தா, கச்சா, வலை என்று கையில் கிடைத்ததோடு இறங்குவார்கள். கண்மாய் அழிப்பது என்று அதற்குப் பெயர். பிடித்த மீனை விற்கக் கூடாது, வீட்டில் குழம்புதான் வைக்க வேண்டும் என்பது பல ஊர்களில் கட்டுப்பாடு. அன்று ஒரு நாள் கண்மாய் எல்லாருக்கும் சொந்தம்.

மீதி நாள் யாருக்குச் சொந்தம்? இங்கேதான் விஷயம் இருக்கிறது.

சோழர், பாண்டியர் காலத்து வரிப் பெயர்களில் பாசிப்பாட்டம் என்று ஒன்று வரும். ஏரி, குளத்தில் மீன் பிடிக்கும் உரிமைக்குக் கட்டுகிற தொகை அது. இன்றைக்கும் நம் பக்கம் மீன்பாசிக் குத்தகை, மீன்பாசி ஏலம் என்றுதான் சொல்கிறோம். ஆயிரம் வருஷமாக அந்த 'பாசி' ஒட்டிக்கொண்டே வந்திருக்கிறது! மொழி எப்படியெல்லாம் ஞாபகம் வைத்திருக்கிறது பாருங்கள். முக்கியமானது அந்தப் பணம் போன இடம். மீன் வருமானத்தை அந்த ஏரியின் தூர் வாரவும் கரையை உயர்த்தவுமே ஒதுக்கியதாகச் சொல்லும் கல்வெட்டுகள் தமிழ்நாட்டில் உண்டு. முதலாம் பராந்தகன் காலத்து உத்தரமேரூரில் (கி.பி. 919, 921 கல்வெட்டுகள்) ஏரியைப் பார்த்துக்கொள்ளவே ஏரி வாரியம் என்று ஒரு குழு இருந்தது நாம் பாடத்தில் படித்ததுதான். கணக்கு சுலபம். மீன் காசு தருகிறது, காசு தூர் வாருகிறது, தூர் வாரிய குளத்தில் தண்ணீர் நிற்கிறது, தண்ணீரில் மறுபடி மீன்.

கோடு போட்ட மீனைப் பற்றிச் சொன்னேன் அல்லவா, அதன் கதையிலும் இதே கணக்கு வருகிறது. இங்கிலாந்திலிருந்து போய்க் குடியேறியவர்கள் அந்த மீனை அள்ளி வயலுக்கு உரமாகப் போட்டுக்கொண்டிருந்தார்கள். 1639இல் மாசசூசெட்ஸ் குடியேற்றம் அதற்குத் தடை போட்டது. 1670இல் பிளைமவுத் குடியேற்றம் கேப் காட் கடலில் பாஸ், கானாங்கெளுத்தி, ஹெர்ரிங் மீன்களால் வரும் வருமானத்தை ஓர் இலவசப் பள்ளிக்கூடத்துக்கு ஒதுக்கியது. அங்கே மீன் பள்ளிக்கூடம் நடத்தியது, இங்கே மீன் குளம் வெட்டியது.

நம் கணக்கு வெள்ளைக்காரன் காலத்தில் உடைந்தது. குளத்தை ஊரே பராமரிக்கும் குடிமராமத்து நலிந்தது. 1858இல் கட்டாய உழைப்புச் சட்டம் என்று ஒன்று போட்டு, மராமத்துக்கு வராதவரைத் தண்டிக்கலாம் என்றார்கள். தானாக நடந்துகொண்டிருந்ததைச் சட்டம் போட்டு நடத்த வேண்டி வந்தால் என்ன அர்த்தம்? மராமத்து ஒரு கணக்கு, மீன் வருமானம் வேறு கணக்கு என்று பிரிந்துபோனது.

வேடிக்கை என்னவென்றால், அதே வெள்ளைக்கார அதிகாரிகளில் சிலர் தூண்டில் பைத்தியங்கள். மதுரைக் கலெக்டராக இருந்த வியர் ஹென்றி லெவிஞ்ச் 1863இல் கொடைக்கானல் ஏரியை உண்டாக்கினார் (கொடைக்கானல் 1985 வரை மதுரை மாவட்டம்தான்). நீலகிரியில் அதே காலத்தில் பிரான்சிஸ் டே என்ற மருத்துவர் ட்ரவுட் மீனைக் கொண்டுவரப் படாதபாடு பட்டார். அவர் காலத்தில் அது பலிக்கவில்லை, அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் பலித்தது. எல்லாம் பொய்ப்பூச்சித் தூண்டில் வீசுகிற சுகத்துக்காக.

இந்தக் கூட்டத்தில் எனக்குப் பிடித்தவர் ஹென்றி சல்லிவன் தாமஸ். மதராஸ் சிவில் சர்வீஸ்காரர். தென் கன்னடத்தில் வேலை பார்த்தபோது, வாய்க்காலில் சல்லடை மாதிரி வலை கட்டிக் குஞ்சுகளை அள்ளுவதையும் தண்ணீரில் விஷம் கலந்து பிடிப்பதையும் கண்டு 1870இல் ஓர் அறிக்கை எழுதினார். 1873இல் மங்களூரில் 'தி ராட் இன் இந்தியா' என்ற புத்தகம். தூண்டில்காரனுக்கான கையேடு மாதிரி இருந்தாலும், மீன் வளர்ப்பையும் மீனின் மதிப்பையும் பற்றியும் அதில் பேசுகிறார். 1887இல் குளத்துத் தூண்டிலுக்கென்றே 'டேங்க் ஆங்லிங் இன் இந்தியா' என்று இன்னொன்று. துரைமார் குளம் என்றால் கொசு என்று ஓடிய காலத்தில், குளத்து மீனுக்கு ஒரு தனிப் புத்தகம்!

அவரும் டேயும் எழுதிக் குவித்ததற்குப் பலன் 1897இல் வந்தது. அந்த வருஷத்து இந்திய மீன்வளச் சட்டம் வெடி போட்டும் விஷம் கலந்தும் மீன் பிடிப்பதைத் தடை செய்தது. நல்ல சட்டம்தான். ஆனால் அது குற்றவாளியாகப் பார்த்தது மீன் பிடிக்கிற ஆளை மட்டும். ஆற்றின் குறுக்கே கட்டிய அணைக்கட்டு மீனை என்ன செய்கிறது என்ற கேள்வி அப்போதே எழுந்திருந்தது. அதை 1867இல் எழுப்பியவரே கொள்ளிடத்தில் அணை கட்டிய ஆர்தர் காட்டன்தான். அணை நின்றது. கேள்வியை மறந்துவிட்டார்கள்.

மதுரைக்கு அந்தக் கேள்வி 1959இல் வந்தது. வைகை அணை திறந்த வருஷம். வைகை நல்ல மழைக்காலத்தில் மட்டும்தான் ராமநாதபுரம் பெரிய கண்மாயைத் தாண்டி ஆற்றங்கரை அருகே கடலைத் தொடும். இந்த ஒரு வழியை நம்பி இருக்கிற மீன் விலாங்கு. அது நன்னீரில் வளர்ந்து, முட்டை போடக் கடலுக்குப் போகிற பிராணி. குஞ்சு கடலிலிருந்து ஆறு ஏறி வர வேண்டும். கோடு போட்ட பாஸ் இதற்கு நேர்மாறு, கடலில் வாழ்ந்து முட்டை போட ஆற்றுக்கு ஏறும். நம் கடற்கரைக் கழிமுகங்களில் கிடைக்கிற கொடுவா விலாங்கின் கட்சி. எந்தக் கட்சியானாலும் ஆறும் கடலும் தொட்டுக்கொண்டிருந்தால்தான் பிழைப்பு.

அமெரிக்காவில் அந்த பாஸ் 1980களில் அழிகிற நிலைக்கே போனது. 1984இல் நாடாளுமன்றம் தனிச்சட்டம் போட்டது. மேரிலாந்து மாநிலம் 1985 முதல் 1990 வரை அதைப் பிடிக்கவே கூடாது என்று நிறுத்திவைத்தது. 1995இல் மீண்டுவிட்டதாக அறிவித்தார்கள். ஒரு மீனுக்காக ஐந்து வருஷம் தூண்டிலைச் சுருட்டி வைத்திருக்கிறார்கள் என்பதை நினைத்துப் பார்க்கிறேன். நம் விலாங்குக்காக யாரும் எதையும் நிறுத்தியதாகத் தெரியவில்லை.

நாம் செய்தது வேறு. கட்லாவைக் கோதாவரியிலிருந்து தெற்கே கொண்டுவந்தோம். 1952இல் ஆப்பிரிக்கத் திலாப்பியா மண்டபத்துக்கு வந்து இறங்கியது. அதுதான் நம் ஜிலேபிக் கெண்டை. எந்தச் சாக்கடையிலும் பிழைக்கும், குட்டி குட்டியாகப் பெருகும். இன்று வண்டியூர்க் கண்மாயில் தூண்டில் போடுகிற பையனின் முள்ளில் முதலில் ஏறுவது அதுதான். அயிரை வேண்டுமென்றால் கடையில் நல்ல விலை கொடுக்க வேண்டும். விரால் இருக்கிறது, ஆனால் ஆம்பல் கிழிய வேண்டுமென்றால் ஆம்பல் இருக்க வேண்டுமே!

இனி குத்தகைக்கு வருவோம். 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள கண்மாய்கள் பொதுப்பணித்துறையிடம் இருந்தன, இப்போது நீர்வளத்துறை. சின்னவை ஊராட்சி ஒன்றியங்களிடம். மீன்பாசியை ஏலம் விடுகிறார்கள். ஏலம் எடுத்தவர் குஞ்சு வாங்கி விடுகிறார், காவல் போடுகிறார், அவர் முதல் போட்டவர், அவரைக் குறை சொல்லவும் முடியாது. குளிர்காலத்தில் கம்பும் தக்கையுமாகப் போய் உட்காருகிறவன்தான் அவருக்குத் திருடன். சில இடத்தில் துரத்துவார்கள், சில இடத்தில் ஒரு தொகை வாங்கிக்கொண்டு விடுவார்கள், சில இடத்தில் நாலு கெண்டைதானே என்று விட்டுவிடுவார்கள். வேட்டுவன் என்று பாட்டில் பெயர் வாங்கியவனுக்கு ஏலப் பத்திரத்தில் இடமே இல்லை.

குத்தகைக்காரரும் வேண்டும், தூண்டில்காரனும் வேண்டும் என்பது என் கட்சி. ஒரு தூண்டில் எடுக்கிற மீனால் யாரும் நஷ்டப்பட்டதில்லை. என் கோபம் ஏலப் பணத்தின் மேல்தான். அது பெரும்பாலும் பொதுக் கணக்கில் கரைந்துபோகிறது. கண்மாய்க்குத் திரும்பி வருவதில்லை. விதிவிலக்கு உண்டு. மதுரையைத் தலைமையிடமாகக் கொண்ட தானம் அறக்கட்டளை வயலகம் என்ற பெயரில் பாசன விவசாயிகளைச் சங்கமாகச் சேர்த்துக் கண்மாய் வேலை செய்துவருகிறது. ஆயக்கட்டுக்காரர்களே சேர்ந்து தூர் வாரினால் மீனும் அவர்கள் கண்ணில் வெறும் ஏலப் பொருளாக இருக்காது.

வரத்துக்கால் அடைபட்ட, கழிவுநீர் கலந்த கண்மாய்கள் நகரத்துக்குள் எத்தனை என்று எண்ணினால் மனசு கெட்டுப்போகும், அதை விட்டுவிடுகிறேன். உங்கள் ஊர்க் கண்மாயின் மீன்பாசி கடைசியாக எவ்வளவுக்கு ஏலம் போனது, அந்தக் காசு எந்தக் கணக்கில் விழுந்தது? தாத்தா, பெரியப்பா யாரையாவது கேட்டுப் பாருங்கள், பஞ்சாயத்து ஆபீஸிலும் கேட்கலாம். தெரிந்தவர்கள் எனக்குச் சொல்லுங்கள், ஊர்வாரியாக எழுதி வைக்கலாம் என்று ஒரு நோட்டு வாங்கியிருக்கிறேன்.