உங்க போன்ல என்ன ஓடணும்னு யார் முடிவு பண்றாங்க?

இன்னைக்கு தூத்துக்குடிக் கடற்கரையிலிருந்து ஒரு போன் கதை.

முதல்ல ஒரு பழைய விஷயம். முத்துக்குளித்துறையில் மூச்சடக்கிக் கடலுக்குள் இறங்கினது குளியாட்கள். ஆனா எந்தப் பாரில், எப்போ குளிக்கலாம்னு முடிவு பண்ணினது அதிகாரத்தில் இருந்தவங்க. போர்ச்சுகீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர்னு ஆள் மாறினாலும் இது மாறலை. செல்போன் வந்தப்பவும் கிட்டத்தட்ட இதே நிலைமைதான்.

2000-களின் கடைசியில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், குவால்காம், டாடா டெலிசர்வீசஸோடு சேர்ந்து தமிழக மீனவர்களுக்கு 'ஃபிஷர் ஃப்ரெண்ட்' சேவையைக் கொண்டுவந்தது. அலை உயரம், காற்று வேகம், மீன் கிடைக்க வாய்ப்புள்ள இடம் எல்லாம் போன்லயே தெரியும். ஆனா அது ஓடினது குவால்காமோட 'ப்ரூ' தளத்தில், சிடிஎம்ஏ போன்களில். ப்ரூவில் ஒரு ஆப் உங்க கைக்கு வரணும்னா நெட்வொர்க் கம்பெனி வழியாத்தான் வரணும். வேற கம்பெனி போன் வச்சிருக்கிற மீனவருக்கு அது கிடையாது.

2007 நவம்பரில் கூகுள் ஆண்ட்ராய்டை அறிவிச்சது. லினக்ஸ் கெர்னல் மேல கட்டினது. அடுத்த வருஷம் மூல நிரலையும் வெளியிட்டாங்க. லைசென்ஸ் கட்டணம் இல்லாம யார் வேணும்னாலும் அதை எடுத்து போன் செய்யலாம். மைக்ரோமேக்ஸ், கார்பன் மாதிரி கம்பெனிகள் மலிவான ஸ்மார்ட்போன்களை இறக்க இது பெரிய காரணம்.

ஃபிஷர் ஃப்ரெண்டும் ஆண்ட்ராய்டுக்கு வந்துச்சு. இப்போ எந்த சிம்னாலும் சரி. கரையை விட்டுத் தள்ளிப் போனா டவர் சிக்னல் போயிடும், ஆனா ஜிபிஎஸ் வேலை செய்யும். இலங்கைக் கடல் எல்லை நெருங்கினா ஆப் எச்சரிக்கும். எல்லை தாண்டினா கைதாகலாம், படகே பறிபோகலாம். அதனால பேசவே முடியாத இடத்திலும் போனுக்கு ஒரு வேலை இருக்கு.

அப்போ ஓப்பன் சோர்ஸ் ஜெயிச்சிடுச்சா? அடுத்ததைக் கேளுங்க. மொசில்லாவோட ஃபயர்பாக்ஸ் ஓஎஸ்ஸும் திறந்த நிரல்தான். 2014-ல் இன்டெக்ஸ் அதை வச்சு 1,999 ரூபாய்க்கு 'கிளவுட் எஃப்எக்ஸ்' போன் விட்டது. பெருசா போகலை. 2015 டிசம்பரில் மொசில்லா போன் முயற்சியைக் கைவிட்டுச்சு. அந்த நிரலிலிருந்து பிறந்த காய் ஓஎஸ்தான் 2017-ல் அறிவிச்ச ஜியோபோனில் ஓடினது. 1,500 ரூபாய் டெபாசிட். லட்சக்கணக்கான பேருக்கு முதல் இணையம். ஆனா ஜியோ சிம் மட்டும்தான் வேலை செய்யும்!

ஆண்ட்ராய்டும் லேசுப்பட்டதில்லை. அடிப்படை நிரல் திறந்தது. பிளே ஸ்டோர் கூகுள் கையில். ஆண்ட்ராய்டு சந்தையில் ஆதிக்கத்தைத் தவறா பயன்படுத்தினதா சொல்லி 2022 அக்டோபரில் இந்தியப் போட்டி ஆணையம் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் போட்டுச்சு.

திறந்த நிரல் போனை மலிவாக்குச்சு, நெட்வொர்க் கம்பெனியோட பிடியைத் தளர்த்துச்சு. ஆனா அந்தப் பிடியில் பாதி, ஓஎஸ் வச்சிருக்கிறவங்க கைக்கு மாறிடுச்சு. அது நம்ம கைக்கு இன்னும் முழுசா வரலை.

உங்க ஆண்ட்ராய்டு போன் செட்டிங்ஸில் 'சட்டத் தகவல்' பகுதிக்குப் போய், மூன்றாம் தரப்பு லைசென்ஸ் பட்டியலைத் திறந்து பாருங்க. எத்தனை பேர் எழுதிக் கொடுத்த நிரல் உங்க கையில இருக்குன்னு தெரியும். அடுத்த எபிசோடில் சந்திப்போம்!