வளைக்கரடியும் இரவுக் கேமராவும்

வளைக்கரடி (பேட்ஜர்) பெயரில் கரடியே தவிர, உண்மையில் நீர்நாய்க்கு உறவான பாலூட்டி. ஐரோப்பிய இனத்தின் வெள்ளை முகத்தில் இரண்டு கறுப்புப் பட்டைகள் ஓடும், கால்கள் குட்டை, நகங்கள் மண் தோண்டுவதற்கென்றே அமைந்தவை. பிரித்தானியாவில் வயல் ஓரங்களிலும் சிறு காடுகளிலும் இது கூட்டமாக வளை தோண்டி வாழ்கிறது. பகல் முழுவதும் உறங்கி, பொழுது சாய்ந்த பிறகே வெளியே வரும். அதனால் வளைக்கு அருகில் குடியிருப்பவர்கள்கூட அதை நேரில் கண்டது அரிது. நாய்களை ஏவி இதை வதைக்கும் கொடிய கேளிக்கையை 1835ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்தது. ஆனால் அந்த விலங்கு எப்படி வாழ்கிறது என்பது அதன்பின் நூறாண்டுகளுக்கும் மேலாகச் சரிவரத் தெரியாமலே இருந்தது.

இரவு விலங்குகளைப் படமெடுக்கும் முயற்சி அமெரிக்காவில் முன்பே தொடங்கிவிட்டது. வழக்கறிஞரான ஜார்ஜ் ஷைரஸ் விலங்கின் பாதையில் கம்பி கட்டி, அது இடறும்போது கேமராவும் மக்னீசிய வெளிச்சமும் சேர்ந்து இயங்கும்படி செய்தார். அவருடைய 74 படங்களை நேஷனல் ஜியாக்ரஃபிக் இதழ் 1906 ஜூலையில் வெளியிட்டது. எனினும் அந்தக் கேமரா ஒரு கணத்தைத்தான் பிடிக்கும். வெடித்த வெளிச்சத்தில் விலங்கு மிரண்டு ஓடிவிடும். அது வந்தது என்பது தெரியுமே தவிர, வந்து என்ன செய்தது என்பது தெரியாது.

அதை அறியப் பொறுமையாக உட்கார ஒருவர் வேண்டியிருந்தது. அவர் ஒரு பள்ளி ஆசிரியர் என்பதில் இக்கட்டுரையாளருக்குத் தனி மகிழ்ச்சி உண்டு. எர்னஸ்ட் நீல் (1911–1998) இங்கிலாந்தின் க்ளொஸ்டர்ஷயரில் ரெண்ட்கோம் என்னும் ஊரில் உயிரியல் கற்பித்தவர். பின்னர் டாண்டன் நகரப் பள்ளிக்கு மாறினார். வளைக்கரடிக்குப் பார்வை மந்தம், மோப்பமோ மிகக் கூர்மை. ஆகவே அதைக் காண விரும்புபவர் இருட்டுமுன்பே வந்து, தம் வாடை வளைப்பக்கம் போகாதவாறு காற்றின் திசை பார்த்து அமர வேண்டும். அசையவும் கூடாது. சிவப்பு வெளிச்சத்தை இந்த விலங்கு அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை என்பது கவனிப்போருக்குப் பெரிய வசதி. இப்படிக் காத்திருந்தவர்களுக்கு, அது பழைய படுக்கைப் புல்லை வெளியேற்றுவதும், புதுப்புல்லை மார்போடு அணைத்துப் பின்னோக்கி நடந்தே வளைக்குள் இழுத்துச் செல்வதும், குட்டிகள் ஒன்றையொன்று தள்ளி விளையாடுவதும் காணக் கிடைத்தன. நீலின் 'தி பேட்ஜர்' நூல் 1948இல் வெளிவந்தது. கருவுற்ற முட்டை உடனே கருப்பையில் பதியாமல் பல மாதங்கள் காத்திருப்பது இந்த விலங்கின் விந்தைகளுள் ஒன்று. அதையும் அவர் ஆராய்ந்தார். 1950களில் விலங்கியலாளர் ஹம்ப்ரி ஹூவருடன் சேர்ந்து காட்டு வளைக்கரடிகளைத் திரைப்படமாகவும் எடுத்தார்.

மனிதக் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி வந்தபின் வேலை எளிதாயிற்று. இன்றைய கேமராப் பொறி, எதிரில் நகரும் உடலின் வெப்பத்தை உணர்ந்து தானே விழித்துக்கொள்கிறது. வளைவாயிலுக்குச் சில அடி தள்ளி ஒரு மரத்தில் கட்டிவிட்டால் போதும்.

இதற்கிடையே விலங்கின் மீது பெரும்பழி விழுந்தது. 1971இல், நீல் முன்பு கற்பித்த அதே க்ளொஸ்டர்ஷயரில், செத்துக் கிடந்த வளைக்கரடி ஒன்றில் மாட்டுக் காசநோய்க் கிருமி காணப்பட்டது. 1973இல் பாதுகாப்புச் சட்டம் வந்தும், 1975 முதல் 1982 வரை அரசே வளைகளுக்குள் நச்சுவாயு செலுத்தியது. 1998இல் தொடங்கிய பெரும் சோதனையில் ஏறத்தாழ 11,000 விலங்குகள் கொல்லப்பட்டன. கொன்ற பகுதிக்குள் மாட்டு நோய் ஓரளவு குறைந்தது; சுற்றியுள்ள பகுதியிலோ கூடியது. கூட்டம் கலைந்து, எஞ்சியவை தொலைவு அலைந்ததே இதற்குக் காரணமாகக் கூறப்பட்டது.

பண்ணைகளில் வைத்த கேமராக்கள் வேறொன்றைக் காட்டின. வளைக்கரடிகள் இரவில் மாட்டுக்கொட்டகைக்கும் தீவனக் கிடங்குக்கும் வந்து, மாடுகளுக்கு வைத்த தீவனத்தையே தின்றன. கதவிடுக்கை அடைத்து, தகரத் தடுப்பும் மின்வேலியும் வைத்த இடங்களில் அவற்றின் வரவு நின்றது. ஆயினும் 2013இல் இங்கிலாந்தில் கொல்லும் திட்டம் மீண்டும் தொடங்கியது.