இஞ்சினில் பொறித்த மெய்க்கீர்த்தி

 பழைய காரின் இஞ்சின் எண்ணைப் பற்றிய பேச்சைத் தென்காசிக் கல்வெட்டு ஒன்றிலிருந்து தொடங்குவதே முறை.

15ஆம் நூற்றாண்டில் அங்கே காசி விசுவநாதர் கோயிலை எழுப்பிய பராக்கிரம பாண்டியன், பிற்காலத்தில் இவ்வாலயத்துக்குக் குறை ஏதும் நேர்ந்தால் அதை நீக்கிக் காப்பவர் எவராயினும் அவரைத் தான் பணிவதாகப் பாட்டாகவே பொறித்து வைத்தான். முடிசூடிய மன்னன், தான் முகமறியாத திருப்பணியாளர்களுக்குச் செய்த வணக்கம் அது! அந்த வணக்கத்துக்கு உரியவராக விரும்புவோர் கல்வெட்டை முதலில் படியெடுப்பர். அதன்மேல் சுண்ணாம்பு பூசார். 

பழைய கார்களைப் புதுப்பிப்போருக்கும் இதுவே நெறி: இஞ்சினில் பொறித்த எண்ணை முதலில் படியெடுக்க வேண்டும், அழிக்கக் கூடாது.

இஞ்சின் பிளாக்கில் இருவகை எழுத்துகள் உண்டு. வார்ப்பிலேயே புடைத்து நிற்பவை வார்ப்புக்குரியவை. ஒரே அச்சில் வார்த்த பல பிளாக்குகளிலும் அவை இருக்கும். மட்டமாகக் கடைந்த சிறு பரப்பில் குத்தப்பட்ட எண்ணோ அந்த ஓர் இஞ்சினுக்கே உரியது. ஆர்.சி. புத்தகத்தில் ஏறுவதும் அதுதான்.

சென்னையை அடுத்த வண்டலூரில் 1961 முதல் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் நம் மண்ணின் பெருமை. அதன் மூலமான இங்கிலாந்தின் ட்ரையம்ப் ஹெரால்டில் 948 சிசி இஞ்சின் எண் பெரும்பாலும் 'ஜி' என்றும், 1147 சிசி எண் 'ஜிஏ' என்றும் தொடங்கும். நம்மூர் ஹெரால்டு 948 சிசியிலேயே நின்றது. ஆகவே அதில் 'ஜிஏ' தென்பட்டால் இஞ்சின் இடையில் மாறியிருக்கிறது என்று ஐயுற வேண்டும். அதுபோல, எம்.ஜி.பி. காரில் இஞ்சின் எண் '18ஜி' என்று தொடங்கினால் கிராங்க் ஷாப்டுக்கு மூன்று மெயின் பேரிங். 1964இல் வந்த '18ஜிபி'யில் ஐந்து. ஓரெழுத்தைக் கவனியாதவர் பேரிங் செட்டையே தவறாக வாங்கிவிடுவார்.

எண்ணைப் படியெடுக்கும் முறை எளிது. மண்ணெண்ணெய்த் துணியால் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தால் எண் தாளில் எழும். அரமும் எமரித் தாளும் அந்தப் பரப்பில் படவே கூடாது. எண் மட்டுமன்று, தொழிற்சாலையின் கடைசல் வரிகளும் அழிந்துபோகும்.

எண்ணைக் காப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 50 ஆண்டு கடந்த வண்டிகளுக்கு 'விஏ' வரிசையில் தனிப் பதிவெண் தரும் மத்திய அரசின் விதி 2021இல் வந்தது. சேசிஸ், பாடி, இஞ்சின் ஆகியவை பெரிதும் மாற்றப்படாதிருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை.

பண்பொழி, செங்கோட்டை, தென்காசி வட்டாரத்தில் முன்னோர் ஓட்டிய காரைக் கொட்டகையில் வைத்திருக்கும் குடும்பத்தார், இஞ்சினை ரீபோருக்கு அனுப்புமுன் அதன் எண்ணைப் படியெடுத்து ஆர்.சி. புத்தகத்தோடு சேர்த்துப் பாதுகாத்திட வேண்டுகிறோம்.