பிரட்டுக்களம் முதல் பந்தயத்திடல் வரை
மலைநாட்டில் தேகாப்பியாசத்தின் கதை

சுவரிருந்தாலன்றோ சித்திரம் எழுதலாம் என்பது நம் முன்னோர் மொழி. மலைநாட்டுத் தோட்டங்களிலே உழைக்கும் நம்மவரைப்போல் இம்மொழியின் உண்மையை உணர்ந்தவர் வேறெவருமிலர். நாட்கூலி பெறுவோனுக்கு உடம்பே மூலதனம். ஞாயிற்றுக்கிழமை உதைபந்தாட்டத்தில் தொடைத்தசை பிடித்துக்கொண்ட வாலிபனுக்குத் திங்கட்கிழமை மலையேற முடியாது. மலையேறாவிட்டால் செக்ரோலிலே பேர் விழாது. பேர் விழாவிட்டால் வீட்டில் உலை கொதிக்காது. ஆகவே விளையாட்டிலே காயம் நேராமற் காத்துக்கொள்வது நமக்குப் பொழுதுபோக்கு விஷயமன்று, வயிற்றுப்பாட்டு விஷயம்.

உடலை நீட்டியும் வளைத்தும் மூட்டுக்களை இளக்கியும் பழக்கும் பயிற்சியே காயத்துக்குக் காப்பு என்று பலர் கூறுவர். இப்பயிற்சி எங்கே பிறந்தது? நம்மிடம் எவ்வாறு வந்து சேர்ந்தது? இன்றைய விஞ்ஞானம் அதனைப்பற்றி யாது கூறுகின்றது? இவற்றைச் சுருக்கமாக ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பிரட்டும் கவ்வாத்தும்

தோட்டத்தில் நாள்தோறும் நம் நாவில் வழங்கும் இரு சொற்களை முதலிற் கவனிப்போம். ஒன்று ‘பிரட்டு’. படையினரின் அணிவகுப்பைக் குறிக்கும் ‘பரேட்’ என்ற ஆங்கிலச் சொல்லே நம்மவர் வாயிற் பிரட்டு ஆயிற்று. மற்றது ‘கவ்வாத்து’. தேயிலைச் செடியை வெட்டிச் சீராக்குவதை நாம் அவ்வாறு அழைக்கின்றோம். ஆனால், பழைய தமிழ் வழக்கிலே கவாத்து என்பதற்குப் படைப்பயிற்சி என்பதும் பொருள். தேகப்பயிற்சிக்குரிய சொற்கள் இரண்டும் தோட்டத்துக்கு வந்து, ஒன்று ஆளைக் கணக்கெடுக்கும் இடமாகவும், மற்றது செடியை வெட்டும் தொழிலாகவும் மாறிப்போயின. பயிற்சி செடிக்குக் கிடைத்தது, மனிதனுக்குக் கிடைக்கவில்லை!

இது தற்செயலன்று. 1823ஆம் ஆண்டிலே கம்பளைக்கு அருகில் சின்னப்பிட்டியில் ஜோர்ஜ் பேர்ட் கோப்பித் தோட்டம் திறந்தார். 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்டார். ஆரம்பகாலத் துரைமாரிற் பலர் படை உத்தியோகத்திலிருந்தவர். அவர்கள் தோட்டத்தையும் படைமுகாமைப் போலவே நடத்தினர். விடியுமுன் தப்பு முழங்கும். ஆட்கள் பிரட்டுக்களத்தில் வரிசையாக நிற்பர். படைவீரனுக்கு அணிவகுப்பின்போது உடம்பைப் பழக்கும் பயிற்சியும் உண்டு. நம் பாட்டன் பாட்டிமாருக்கோ நின்ற இடத்திலிருந்து நேரே மலைக்கு ஏறுவதே பயிற்சி. கூடையின் கயிறு தலையை இழுக்க, முதுகு முன்வளைய, பனியிலே நாள் முழுவதும் கொழுந்தெடுத்த தாய்மாரின் இடுப்புவலி அதற்குச் சாட்சி. கான் வெட்டியவர், முள்ளுக் குத்தியவர் ஆகியோரின் தோள்வலியும் அத்தகையதே. ஓயாது உழைப்பதும் உடம்பைப் பழக்குவதும் ஒன்றல்ல. உழைப்பு ஒரே தசையை ஒரே வழியில் மீண்டும் மீண்டும் இயக்குகின்றது; பயிற்சியோ எல்லா மூட்டுக்களையும் அதனதன் எல்லைவரை இயக்குகின்றது.

முன்னோர் கொணர்ந்த செல்வம்

எனினும், மன்னாரில் இறங்கி மாத்தளைவரை காட்டுவழி நடந்து வந்த நம் முன்னோர் வெறுங்கையுடன் வரவில்லை. சிலம்பத்தையும், சடுகுடுவையும், காமன் கூத்தையும் கொண்டுவந்தனர். சிலம்பம் பயிலும் முறையைச் சற்று நோக்குங்கள். கம்பெடுத்தவுடன் எவரும் மோதுவதில்லை. முதலிற் காலடி வரிசை, பின்னர் மெதுவான வீச்சு, அதன்பின்னரே வேகம், இறுதியிலேயே எதிராளியுடன் ஆட்டம். மணிக்கட்டும் தோளும் இடுப்பும் கணுக்காலும் படிப்படியாகச் சூடேறி இளகுகின்றன. இன்று பெரும் விளையாட்டுக் கழகங்களிலே ‘இயங்கியபடியே இளக்கும் பயிற்சி’ என்று கற்பிக்கப்படுவதும் இந்த ஒழுங்கையே பின்பற்றுகின்றது. மாசி மாதத்தில் இராமுழுவதும் ஆடும் காமன் கூத்தின் ஆட்டக்காரரும் தாளத்தை மெல்லத் தொடங்கியே விரைவுபடுத்துவர். அறிந்து செய்தனரோ, அனுபவத்தாற் செய்தனரோ, செய்த முறை சரியானதே.

யோகமும் ட்ரில்லும்

உடலை வளைக்கும் கலையை நூல்வழி ஆராய்ந்தவர் நம் சித்தர்கள். திருமூலரின் திருமந்திரம் மூன்றாம் தந்திரத்தில் அட்டாங்க யோகத்தை விரித்துரைக்கின்றது. ஆசனமும் அதன் ஓர் உறுப்பு. 15ஆம் நூற்றாண்டில் சுவாத்மாராமர் இயற்றிய ஹடயோகப் பிரதீபிகை 15 ஆசனங்களை எடுத்துக் கூறுகின்றது. அவர்கள் நாடியது பந்தயத்தில் வெற்றியன்று. நெடுநேரம் அசையாதிருக்கத்தக்க உடம்பு. இவ்வேறுபாட்டை நாம் மனத்திலிருத்த வேண்டும்.

மேனாட்டிலே 1813இல் சுவீடன் தேசத்து ஸ்டொக்ஹோம் நகரில் பெர் ஹென்றிக் லிங் என்பார் தேகாப்பியாசக் கலாசாலை ஒன்றை நிறுவினார். கை, கால், முதுகு என்று ஒவ்வோர் உறுப்பையும் ஒழுங்காக இயக்கும் அவரது முறை பல நாடுகளிலும் பரவிற்று. 1909இல் இங்கிலாந்தின் கல்விச்சபை வெளியிட்ட தேகாப்பியாசப் பாடத்திட்டமும் அம்முறையைத் தழுவியதே. ஆங்கிலேயர் ஆண்ட நாடுகளின் பாடசாலைகளில் ‘ட்ரில்’ என்ற பாடம் வேரூன்றியது இவ்வகையிலேதான். 1920இல் ஹரி குரோ பக் சென்னையிலே தேகாப்பியாச ஆசிரியர்களைப் பயிற்றும் கல்லூரியைத் தொடங்கினார். ஏறக்குறைய அதே காலத்தில் மராட்டிய நாட்டின் ஔந்து சமஸ்தானத்து அரசர் பவன்ராவ் பந்த் பிரதிநிதி, சூரிய நமஸ்காரத்தைத் தம் பாடசாலைகளிற் புகுத்தி, அதுபற்றி நூல்களும் எழுதினார். 1930களில் மைசூர் அரண்மனையின் ஆதரவில் கிருஷ்ணமாச்சாரியார் ஆசனங்களைத் தொடர் இயக்கங்களாகக் கற்பித்தார். இவ்வாறு கிழக்கும் மேற்கும் ஒன்றுகலந்தே இன்றைய பயிற்சி உருவாயிற்று.

ஆனால், ட்ரில் ஆசிரியர் நம் தோட்டப் பாடசாலைக்கு வந்தாரா? பல இடங்களில் ஒரே ஆசிரியர் ஒரே மண்டபத்தில் ஐந்து வகுப்புக்களையும் நடத்திய காலம் அது. 1970களில் அரசாங்கம் தோட்டப் பாடசாலைகளைப் பொறுப்பேற்கும்வரை, திடலும் தேகாப்பியாச ஆசிரியரும் நம் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் கனவாகவே இருந்தன.

மூன்று வீரர்

இந்நாட்டு வீரர் மூவரின் வரலாறு நமக்குப் பாடமாகும். கண்டித் திரித்துவக் கல்லூரியிற் பயின்ற டங்கன் வைற் 1948ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில் 400 மீற்றர் தடைதாண்டி ஓட்டத்தில் வெள்ளிப்பதக்கம் பெற்றார். இலங்கைக்குக் கிடைத்த முதல் ஒலிம்பிக் பதக்கம் அதுவே. மூன்றடி உயரமான பத்துத் தடைகளைக் களைப்புடன் தாண்டுவதற்கு வலிய கால் மட்டும் போதாது. இடுப்பு மூட்டு எளிதிற் சுழலவும் வேண்டும். யாழ்ப்பாணத்து நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் 1958இல் டோக்கியோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் 2.03 மீற்றர் உயரம் பாய்ந்து, அப்போட்டிகளில் இலங்கையின் முதலாவது தங்கப்பதக்கத்தை வென்றார்.

மூன்றாமவர் நம் இரத்தத்தின் இரத்தமானவர். முத்தையா முரளிதரனின் பாட்டனார் 1920இல் தென்னிந்தியாவிலிருந்து மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்துக்கு வேலைக்கு வந்தவர். 1972இல் கண்டியிற் பிறந்த பேரனோ 133 டெஸ்ட் போட்டிகளில் 800 விக்கெட்டுக்கள் வீழ்த்தி, 2010 யூலையில் காலியிலே அச்சாதனையுடன் டெஸ்ட் அரங்கிலிருந்து ஓய்வு பெற்றார். பிறவியிலேயே முழுதும் நீட்டமுடியாத முழங்கை. ஆனால், வியக்கத்தக்கவாறு சுழலும் மணிக்கட்டும் தோளும். 1995 டிசம்பரில் மெல்பேர்ண் மைதானத்தில் அவர் பந்தை எறிகின்றார் என்று நடுவர் குற்றங்கூறினார். மேற்கு அவுஸ்திரேலியப் பல்கலைக்கழகத்திலும் ஹொங்கொங்கிலும் விஞ்ஞானிகள் அவரது கையின் அசைவை அளந்தனர். பிறரும் சிறிதளவு முழங்கையை நீட்டியே பந்து வீசுகின்றனர் என்பது பின்னர் பலரையும் அளந்தபோது வெளியாயிற்று. 2005இல் எல்லாப் பந்துவீச்சாளருக்கும் 15 பாகை எல்லை என்று விதி வகுக்கப்பட்டது. கண்ணாற் கண்டது பொய், அளந்து கண்டதே மெய் என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

இவ்வரலாற்றிலிருந்து ஓர் எச்சரிக்கையும் பிறக்கின்றது. முரளியின் மூட்டுக்கள் பிறவியில் அமைந்தவை. அவரைப் பார்த்து நம் பையன் மணிக்கட்டை வலிந்து முறுக்கினால் விளைவது விக்கெட்டன்று, வீக்கமே!

விஞ்ஞானம் கூறுவது

நிற்க. நீட்டிப் பிடித்தால் காயமே வராதா? அவுஸ்திரேலியப் படையிற் புதிதாய்ச் சேர்ந்த 1,538 பேரை ஆராய்ந்து 2000ஆம் ஆண்டில் ஒரு முடிவு வெளியாயிற்று. பயிற்சிக்கு முன் காற்றசைகளை 20 விநாடி வீதம் நீட்டியவருக்கும் நீட்டாதவருக்கும் காயத்திற் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை! அசையாமல் ஒரு நிமிடத்துக்கு மேலாக ஒரு தசையை நீட்டிப் பிடித்துவிட்டு உடனே ஓடினால் அத்தசையின் வலிமை சற்றுக் குறைகின்றது என்பதும் பின்வந்த ஆராய்ச்சிகளிற் புலனாயிற்று.

அப்படியாயின் எது காக்கும்? நோர்வேயில் 13 முதல் 17 வயதுவரையான 1,892 உதைபந்தாட்டச் சிறுமியரைக்கொண்டு நடத்திய ஆராய்ச்சி 2008இல் வெளிவந்தது. மெதுவோட்டம், வலிமைப் பயிற்சி, ஒற்றைக்காலிற் சமநிலை, பாய்ந்து சரியாக இறங்குதல் ஆகியவை சேர்ந்த 20 நிமிடப் பயிற்சியைச் செய்த குழுக்களில் மொத்தக் காயங்கள் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு குறைந்தன. டென்மார்க்கில் 942 உதைபந்தாட்டக்காரரை ஆராய்ந்து 2011இல் வெளியிட்ட முடிவோ இன்னும் தெளிவானது. முழந்தாளிட்டு, கணுக்காலைத் தோழன் பிடிக்க, உடம்பை மெல்ல மெல்ல முன்னோக்கிச் சாய்க்கும் ஓர் எளிய பயிற்சி, அதனைச் செய்தவரிடையே தொடைப் பின்தசைக் காயங்கள் 15, செய்யாதவரிடையே 52. நீளும்போதே வலிமையும் பெறுகின்ற தசையே காக்கின்றது என்பது இதனாற் பெறப்படும். இதற்குக் காசும் வேண்டாம், கருவியும் வேண்டாம். ஒரு தோழன் போதும்.

அதனால், நீட்டற் பயிற்சி வீண் என்று எண்ணற்க. நாள்தோறும் பழகினால் மூட்டின் இயக்கம் விரிகின்றது; தடை தாண்டுவோருக்கும் உயரம் பாய்வோருக்கும் அது இன்றியமையாதது. ஆனால், அதற்குரிய வேளை பந்தயத்துக்கு முந்திய கணமன்று. ஆட்டம் முடிந்த பின்னரோ, மாலையில் உடம்பு சூடாயிருக்கும்போதோ செய்வதே நன்று.

நாம் செய்யத்தக்கது

நம் பாடசாலைகளின் இல்ல விளையாட்டுப் போட்டிகள் பெரும்பாலும் தை, மாசி மாதங்களில் நடைபெறுகின்றன. நுவரெலியாவில் புல்லின்மேல் உறைபனி படியும் காலமும் அதுவே. கொடியேற்றம், தலைமையுரை, பிரதம விருந்தினர் உரை ஆகிய யாவும் முடியும்வரை பிள்ளைகள் குளிரில் அசையாது நிற்கின்றனர். உடனே நூறு மீற்றர் ஓட்டத்துக்கு அழைக்கப்படுகின்றனர். தசை கிழியாதிருந்தால் அதுவன்றோ அதிசயம்! உரைகளைச் சுருக்கிப் பிள்ளைகளுக்குப் பதினைந்து நிமிடம் கொடுக்கும்படி பெரியோரை வணக்கத்துடன் வேண்டுகின்றோம். மெதுவோட்டம், கால் வீச்சு, கை வீச்சு, இடுப்புச் சுழற்சி, பின்னர் இரண்டு மூன்று விரைவோட்டம், இவ்வளவே போதும்.

இளைஞர்களே! வாரத்தில் இருமுறையேனும் சங்கத் திடலிற் கூடி இப்பயிற்சிகளைச் செய்வோம். சிலம்பம் அறிந்த முதியோர் நம்மிடையே இருக்கும்போதே காலடி வரிசையைக் கேட்டுப் பழகுவோம். கொழுந்தெடுத்து வரும் அம்மாவையும் அக்காவையும் மறவாதீர்கள். கூடையை இறக்கியதும் முதுகை நிமிர்த்தித் தோளைப் பின்னோக்கிச் சுழற்றும் இரண்டு நிமிடப் பயிற்சியை அவர்களுக்கும் கற்றுக்கொடுங்கள். வலி நீங்காவிடின் வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள்; வீம்புக்கு இழுத்து வளைக்க வேண்டாம்.

நம் முன்னோர் பிரட்டுக்களத்தில் நின்றது பிறர் தம்மை எண்ணுவதற்காக. நாம் திடலில் நிற்கப்போவது நம் உடம்பை நாமே பேணுவதற்காக. அந்த வரிசையில் முதல் ஆளாய் நிற்கப்போவது யார்?