ஈயக் குண்டானின் தோல்

எங்கள் வீட்டில் வெந்நீர் போடும் குண்டானுக்கு ஈயக் குண்டான் என்றுதான் பெயர். அதில் ஈயம் குந்துமணியளவும் கிடையாது, முழுக்க அலுமினியம். பழைய இரும்புக்காரரும் அதை ஈயக் கணக்கில்தான் எடை போடுவார். ஊர் கூடி வைத்த பெயர்.

நதிமூலம், ரிஷிமூலம் போல குண்டான்மூலமும் பார்க்கக் கூடாதுதான். ஆனாலும் பார்த்தால், தொடக்கம் செம்மண் நிறத்தில் கிடக்கும் பாக்சைட் என்ற தாது. நம் பக்கத்தில் ஏற்காட்டிலும் கொல்லிமலையிலும் வெட்டி மேட்டூருக்கு அனுப்பினார்கள். 1965 முதல் 2008 வரை அங்கே அலுமினியம் எடுத்தார்கள். பாக்சைட்டைக் காஸ்டிக் சோடாவில் வேகவைத்தால் இரும்பு சிவப்புச் சேறாகத் தங்கிவிடும். கரைசலிலிருந்து அலுமினா என்ற வெள்ளைப் பொடியைப் பிரித்தெடுக்கலாம்.

தொல்லை இதற்குப் பிறகுதான். இரும்புத் தாதுவைக் கரியோடு உலையில் போட்டால் கரி ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொண்டு இரும்பை விட்டுவிடும். அலுமினியம் அப்படி லேசில் விடாது. அலுமினா உருகுவதற்கே 2,000 டிகிரிக்கு மேல் வேண்டும். 1854இல் பிரான்சில் தெவீல் சோடியத்தை ஏவிப் பிரித்தார். செலவு மலைபோல் ஆனது. 1886இல் அமெரிக்காவில் ஹாலும் பிரான்சில் எரூவும், ஒருவரை ஒருவர் அறியாமலே, ஒரே வழியைக் கண்டார்கள். கிரையோலைட் என்ற கனிமத்தை உருக்கி, தண்ணீரில் சர்க்கரை போல அதில் அலுமினாவைக் கரைத்து, மின்சாரம் பாய்ச்சினார்கள். சூடு 960 டிகிரி போதும். இருவரும் பிறந்தது 1863, இறந்தது 1914. கதையில் எழுதினால் யாரும் நம்பமாட்டார்கள்.

கிலோவுக்குச் சுமார் 14 யூனிட் கரண்ட் குடிக்கும் வேலை இது. அணை மின்சாரம் பக்கத்திலேயே இருந்த மேட்டூருக்கு உலை வந்ததில் வியப்பில்லை. அதற்கும் வெகு முன்பே, உலோகம் வெளிநாட்டிலிருந்து வந்துகொண்டிருந்த 1898லேயே, சாட்டர்டன் என்பவர் சென்னைக் கலைத்தொழில் பள்ளியில் அலுமினியப் பாத்திரம் செய்யத் தொடங்கிவிட்டார்.

ஆக்சிஜன் மேல் இத்தனை மோகமுள்ள உலோகம் காற்றுபட்டதும் துருப்பிடித்துக் கொட்டிப்போக வேண்டாமா? பிடிக்கத்தான் செய்கிறது, அதுவும் இரும்பைவிட வேகமாக. ஆனால் இரும்பின் துரு பொருக்காக உதிரும். அடுத்த அடுக்கைக் காற்றுக்குக் காட்டிக்கொடுக்கும். அலுமினியத்தின் துரு மில்லிமீட்டரில் லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லாத தோலாக இறுக ஒட்டிக்கொண்டு, உள்ளே ஆக்சிஜனை விடாது. தங்கம் யாரோடும் சேராமல் நிலைத்திருக்கிறது. இதுவோ சேர்ந்த வேகத்திலேயே நிலைத்துவிடுகிறது. இரண்டில் எனக்கு இதுதான் பிடிக்கும்.

அந்தத் தோலுக்கு எமன் புளி. வெந்நீர் போட்டுப் போட்டு உள்ளே கறுத்த குண்டானில் ஒருநாள் புளித்தண்ணீர் கொதிக்கவிட்டால் புதுசாகப் பளிச்சிடும். தேய்த்துக் கை வலிக்காததால் சந்தோஷப்படுவோம், போனதென்னவோ தோல். உப்பும் புளியுமாகக் குழம்பை ராத்திரி அதிலேயே விட்டுவைத்தால் அடியில் ஊசி குத்தியதுபோல் புள்ளி விழும். எங்கள் குண்டான் அப்படித்தான் கடைசியில் ஒழுக ஆரம்பித்தது.

போன மாதம் பழைய இரும்புக்காரரிடம் போட்டோம். மறுபடி உருக்க, முதலில் செலவான மின்சாரத்தில் இருபதில் ஒரு பங்கு சக்தி போதும். ஆக்சிஜனோடு சண்டை ஏற்கெனவே முடிந்துவிட்டதே. அவர் ஆணியால் விளிம்பில் ஒரு கீறு கீறிப் பார்த்தார். வெள்ளையாக மின்னியது. தராசை அவர் கையில் எடுப்பதற்குள் கீறலின் மேல் தோல் மூடியாயிற்று.